சமர்த்துப் பிள்ளையின் ஐந்து மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 41. மயிலாடுதுறையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தரங்கம்பாடிக் கடலில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் தனியாகச் சென்று தூண்டில் போடுகிறேன். குடி, சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு நிம்மதி இது ஒன்றுதான். மனைவியோ அதை விற்றுவிடச் சொல்லி ஓயாமல் சண்டை போடுகிறாள். சென்ற ஆடியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டியவன், காற்றில் தள்ளப்பட்டுச் சின்னங்குடிப் பக்கம் கரையேறி, இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தேன். துடுப்பில் கை பழகியிருந்ததால் தப்பித்தேன். என் 11 வயது மகன்தான் கரையில் காருக்குக் காவல். செல்போன் நனையக் கூடாது என்று அவனிடமே கொடுத்துவிட்டுப் போவேன். எவ்வளவு தூரம் போகிறேன் என்பதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், அன்று அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை, அவ்வளவு சமர்த்து. இந்தப் பொழுதுபோக்கின் அருமையை என் மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: தம்பி, மனைவிக்குப் புரிய வைக்க வழி கேட்கும் கணவர்களின் கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில், புரிந்துகொள்ள வேண்டியவர் கடிதம் எழுதியவராகவே இருப்பார். உங்கள் கடிதமும் அப்படித்தான். ‘சமர்த்து’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நாளின் காற்றைப் பார்ப்போம். டெல்டாவில் வாழ்கிறவருக்கு ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் விடியற்காலையில் வீசும் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், கரையோரத்தில் தண்ணீர் தகடு போலக் கிடக்கும். போகும்போது முதுகில் தள்ளும் காற்றில் துடுப்புக்கு வேலையே இராது, எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதும் தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். கரையை விட்டு விலக விலக அலையும் பெருகியிருக்கும். நீரோட்டமும் அப்போது வடக்கே இழுக்கும் என்பதால்தான் நீங்கள் சின்னங்குடிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். கை பழகியிருந்ததால் தப்பித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்தைக் கணக்கிட்டால், நண்பகலில் நிலம் சூடேறிக் கடற்காற்று எழுந்து உங்களைக் கரைப்பக்கம் தள்ளியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கச்சான் பலமாக இருக்கும் நாள்களில் அந்தக் கடற்காற்று மாலை வரை தாமதிப்பதுண்டு, எழாமலே போவதும் உண்டு.

இப்போது கரைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு வர வேண்டிய அப்பாவைக் காணவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நேரம் ஏறுகிறது. கையில் செல்போன் இருக்கிறது, அதில் அம்மாவின் எண் இருக்கிறது. அப்பா மூழ்கிப் போயிருப்பாரோ என்ற பயம் ஒரு பக்கம், அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குத் துரோகம் செய்தவன் ஆவோமோ என்ற பயம் மறுபக்கம். இவற்றுக்கு நடுவில் 11 வயதுப் பிள்ளை ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததைத்தான் நீங்கள் சமர்த்து என்கிறீர்கள். அவன் அன்று ஏதாவது சாப்பிட்டானா என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

தாயிடம் மறைக்கப் பழக்கப்பட்ட பிள்ளை அயலாரிடமும் வாய் திறக்க மாட்டான். அவன் உட்கார்ந்திருந்தது தரங்கம்பாடிக் கரையில். 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் வாழும் ஊர் அது. அங்கே யாரிடமாவது ஓடிப்போய் ‘அப்பாவைக் காணோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்களைத் தேடிப் பைபர் படகை இறக்கியிருப்பார்கள். சொல்லாதே என்பதைத் தவிர வேறு எதையும் நீங்கள் அவனுக்குக் கற்றுத் தரவில்லை.

நானும் நாகைப் பக்கத்துக் கடற்கரை ஊரில் வளர்ந்தவள்தான். கயாக்கின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஏறிய தண்ணீர் துளைகளின் வழியே தானே வடிந்துவிடும் அந்தப் படகு, மரங்களின் இடுக்கில் நீர் வடியும் நம் கட்டுமரத்துக்குத் தம்பி முறை. ஆனால் கட்டுமரத்தில் போனவர்கள் பெரும்பாலும் இருவர் மூவராகத்தான் போனார்கள். எந்தத் திசையில் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நேரம் தப்பினால் அந்தப் பெண்கள் கரையில் வந்து நின்று கேட்பார்கள், ஊர்ப் பஞ்சாயத்தார் ஆள் அனுப்புவார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கடலேறியவர்களே மனைவிக்குத் தெரியாமல் போனதில்லை. உங்களுக்கு வஞ்சிரமும் பாறை மீனும் கிடைக்காவிட்டால் வீட்டில் உலை கொதிக்காமல் போய்விடாது. அப்படியிருக்க, மறைத்துவிட்டுப் போக உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

உங்கள் மனைவி சண்டை போடுகிறார் என்கிறீர்கள். எதற்காகச் சண்டை போட வேண்டும் என்பதே அவருக்கு முழுதாகத் தெரியாது. தந்தையும் மகனும் சேர்ந்து தாயிடம் மறைக்கும் ரகசியம் எதுவும் ஒரு குடும்பத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

இனி நீங்கள் கடலுக்குப் போவதாக இருந்தால், செல்போன் நீர் புகாத உறையில் உங்கள் மார்பில் இருக்க வேண்டும். அதில் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்கள் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகில் கிடக்கக் கூடாது. கச்சான் வீசும் காலையில் இறங்கவே கூடாது. தனியாகவும் போகக் கூடாது. கரையில் காத்திருப்பவர், நேரம் தப்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிந்த பெரியவராக இருக்க வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் செய்துவிட்டால் போகலாம் என்று நான் சொல்லவில்லை. கயாக்கை விற்பதா வைத்திருப்பதா என்பதை, நடந்தது முழுவதும் தெரிந்த பிறகு உங்கள் மனைவி சொல்லட்டும். அதற்கு நீங்கள் கட்டுப்படுங்கள்.

வரும் ஞாயிறு வீட்டில் இருங்கள். ஆடியில் நடந்ததை மகன் எதிரிலேயே மனைவியிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று அவனிடம் சொன்னது உங்கள் தவறு என்பதை அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். பிறகு, அன்று ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை என்ன செய்தாய் என்று அவனிடம் கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் வரை இருவரும் குறுக்கே பேச வேண்டாம்.