முதலில் காய், பிறகு செய்முறை

கேள்வி: எங்கள் பள்ளியில் 10 முதல் 13 வயது வரையுள்ள மாணவர்களுக்கு வாரம் ஒரு சமையல் வகுப்பு தொடங்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அருகில் விளையும் புதிய காய்கனிகளை அந்தந்தப் பருவத்தில் வாங்கிச் சமைக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் விருப்பம். ஆண்டு முழுவதற்குமான செய்முறைப் பட்டியலையும் கேட்கிறார். கத்தியும் அடுப்பும் கொடுக்கப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் காய்களைத் தொடவே மறுக்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

செய்முறைப் பட்டியலை இப்போது எழுத வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வாரம் ஒரு பதார்த்தம் என்று எழுதிவிட்டால், ஏதோ ஒரு வாரத்தில் அதற்குரிய காய் உங்கள் பகுதியில் விளைந்திருக்காது. தொலைவிலிருந்து வந்து பல நாள் கிடங்கில் இருந்ததை வாங்கிப் பட்டியலைக் காப்பாற்ற நேரும். பருவம் என்ற சொல்லுக்கு அன்றோடு வகுப்பில் பொருளில்லாமல் போகும். பட்டியலுக்குப் பதிலாக ஒரு விளைச்சல் நாட்காட்டியைத் தயாரியுங்கள். எந்த மாதத்தில் எது விளைகிறது, எது மிகுதியாக வருகிறது, எது முடிந்துபோகிறது என்பதை அருகில் பயிரிடுபவர்களிடம் மாணவர்களே கேட்டு எழுதட்டும். அதைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு வாரமும் கிடைத்ததை அதில் குறித்துவாருங்கள். இரண்டாம் ஆண்டில் அதைவிடச் சிறந்த பாடநூல் உங்களுக்குக் கிடைக்காது.

தலைமையாசிரியரிடம், முப்பது செய்முறைகளுக்குப் பதில் ஐந்து முறைகளைக் கற்பிக்கப்போவதாகச் சொல்லுங்கள்: பச்சையாகக் கலப்பது, ஆவியில் வேகவைப்பது, வதக்குவது, சூப் வைப்பது, வாட்டுவது. இந்த ஐந்தும் கைவந்த பிள்ளை, அந்த வாரம் எந்தக் காய் வந்தாலும் அதைப் பார்த்து, தொட்டு, இதற்கு எது பொருந்தும் என்று தானே முடிவு செய்யும். நான் சமையல் கற்றுத்தருவது என்று சொல்வது அந்த முடிவெடுக்கும் திறமையைத்தான்.

புதியது ஏன் வேண்டும் என்பதை விரிவுரையால் விளக்க முயலாமல், நாவுக்கே விட்டுவிடுங்கள். பச்சைப் பட்டாணியையும் இனிப்புச் சோளத்தையும் பறித்தவுடன் அவற்றிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வெப்பமான இடத்தில் இருந்தால் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கும். அன்று பறித்த பட்டாணியையும் மூன்று நாள் வெளியில் இருந்த பட்டாணியையும் கண்ணைக் கட்டிச் சுவைக்கக் கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள். தக்காளியையும் அப்படியே ஒப்பிடலாம். நெடுந்தொலைவு செல்ல வேண்டிய தக்காளியைப் பெரும்பாலும் காயாகவே பறித்து, எத்திலீன் வாயுவால் பழுக்கவைக்கிறார்கள். நிறம் வந்துவிடும், செடியில் பழுத்ததன் மணம் அதே அளவில் வராது. தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மணம் குறையும் என்பதை இந்த வகுப்பிலேயே சொல்லிவிடலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அருகில் விளைந்தது எல்லாம் நல்லது, தொலைவிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் பருவம் தவறி வளர்ந்த காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தாலும் அதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகியிருக்கும்.

கத்தியைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சம் நியாயமானது. ஆனால், அதற்குத் தீர்வாக மழுங்கிய கத்தியைக் கொடுப்பது தவறு. மழுங்கிய கத்திக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும். அழுத்தும்போது அது வழுக்கி விரலை நோக்கி வரும். பிள்ளையின் கைக்கு அடங்கும் சிறிய, கூரான கத்தியே பாதுகாப்பானது. வெட்டுப்பலகை நகராமல் இருக்க அதன் அடியில் ஈரத்துணி விரிக்கச் சொல்லுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்நோக்கி மடங்கி, விரல் கணுக்கள் கத்தியின் பக்கவாட்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். உருண்டையான காயைப் பாதியாக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களும் பாலம்போல் மேலே வளைந்து நிற்க, கத்தி அதன் அடியில் நுழைய வேண்டும். வாழைப்பழத்தில் தொடங்கி, வெந்த உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், பிறகு கேரட் என்று கடினம் படிப்படியாக ஏறட்டும். கேரட்டை நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படியும்படி வைத்த பிறகே நறுக்கவிடுங்கள். வெங்காயம் கடைசியில் வரட்டும். அதன் செல்கள் நசுங்கும்போது உருவாகும் வாயுதான் கண்ணை எரிக்கிறது என்பதால், அங்கேயும் கூரான கத்திதான் துணை. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கைத் தளர்த்தாதீர்கள்; அந்தப் பெரியவர்களாக அஞ்சுகின்ற பெற்றோரையே அழையுங்கள்.

அடுப்பை முதல் இரண்டு மாதங்களுக்குத் தொட வேண்டாம். பிறகு தொடும்போது, பாத்திரத்தின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும், மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்கட்டும், சூடான பாத்திரத்தை உலர்ந்த துணியால் மட்டுமே பிடிக்கட்டும். ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ வைக்கக் கூடாது. யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கை கழுவுவதற்குச் சோப்புடன் 20 வினாடி என்பதும், பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி என்பதும், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பதும் எல்லோரும் அறிந்தவைதாம். ஆனாலும் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி, காயைத் தொட மறுக்கும் பிள்ளைகள். அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பழகாத உணவைக் கண்டு தயங்குவது குழந்தைப் பருவத்தின் இயல்பு. ஓர் உணவை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஆகவே வற்புறுத்தாதீர்கள், தின்றால் பரிசு என்றும் சொல்லாதீர்கள், பரிசுக்காகத் தின்ன வேண்டிய பொருள் என்றால் அது கெட்டதாகத்தான் இருக்கும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். ஒரு துளி நாவில் வைத்து, பிடிக்காவிட்டால் காகிதத்தில் மரியாதையாகத் துப்பிவிடலாம் என்ற அனுமதியே பலரைச் சுவைக்க வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் வெறுப்பது பல நேரங்களில் காயையன்று, அளவுக்கு மீறி வெந்த காயை. முட்டைக்கோஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கந்தகச் சேர்மங்கள் பெருகி நாற்றம் எழும். சில நிமிடங்களில் இறக்கிவிட்டால் இனிப்பாக இருக்கும். மூடி வைத்து வெகுநேரம் வேகவைத்த பச்சைக் காய்களில், காயிலிருந்தே வெளிப்படும் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்ற, நிறம் பழுப்பு கலந்த மங்கல் பச்சையாகிவிடும். ஒரே காயை மூன்று நிமிடமும் இருபது நிமிடமும் வேகவைத்து இரண்டு தட்டுகளில் வையுங்கள். இதுவரை தான் வெறுத்தது எந்தத் தட்டு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

நிர்வாகத்திடம் நேரம் கேட்கும்போது, இது வேறு இடங்களில் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஜப்பான் 2005இல் உணவுக் கல்விக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 2014 முதல், 14 வயது வரையுள்ள மாணவர்களுக்குச் சமையல் இடம்பெறுகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் ஒரு நடுநிலைப் பள்ளியில் தோட்டமும் சமையலறையும் சேர்ந்த திட்டத்தைத் தொடங்கினார். நாற்பது நிமிடம் போதாது. இரண்டு பாடவேளைகளை ஒன்றாகக் கேளுங்கள். உட்கார்ந்து உண்ணவும் பாத்திரம் கழுவவும் நேரமில்லாத வகுப்பில் பாதிப் பாடம் விடுபட்டுப்போகிறது.

முதல் வகுப்புக்கு ஒரே ஒரு காய் போதும், அந்த வாரம் உங்கள் பகுதியில் மிகுதியாக விளைந்தது எதுவோ அது. முடிந்தால் தழையோடும் மண்ணோடும் வாங்கி வாருங்கள். பிள்ளைகள் அதைக் கழுவி, முகர்ந்து, நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சில துளி எண்ணெயும் சேர்க்கட்டும். ஒவ்வொன்றையும் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் சுவைத்து, என்ன மாறியது என்று ஆளுக்கொரு வரி எழுதட்டும். அந்த வரிகளைப் படித்துவிட்டு இரண்டாம் வகுப்பைத் திட்டமிடுங்கள்.