வெப்பமண்டலக் கடலில் ஒமேகா-3 ஏன் குறைகிறது?

வணக்கம். இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் தென்பெருங்கடலிலும் வடிகட்டிய துகள் மாதிரிகளில் கொழுப்பு அமிலங்களை ஒப்பிடுகிறேன். தெற்கே இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அதிகம். நிலநடுக்கோட்டில் பாமிட்டிக் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலமே பாதிக்கு மேல். குளிரில் செல் சவ்வு இறுகாமலிருக்கத்தான் இந்த வேறுபாடு என்று எழுதலாமா?
— கடலியல் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதைக்கு அப்படி எழுதாதீர்கள். குளிருக்குப் பங்கு உண்டு: இரட்டைப் பிணைப்பு இல்லாத ஸ்டீரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும், அவை நிறைந்த டிஹெச்ஏ மைனஸ் 44-இல். குளிர்நீரில் சவ்வு இளகியிருக்க இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். ஆனால் உங்கள் இரண்டு கடல்களிலும் வாழ்பவை வேறுவேறு உயிரிகள். தெற்கே டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகள் மிகுதி, இபிஏ அவற்றின் இயல்பான சரக்கு. சத்துக் குறைந்த வெப்பநீரில் புரோகுளோரோகாக்கஸ், சினெகோகாக்கஸ் என்ற நுண்ணிய நீலப்பச்சை பாக்டீரியாக்கள் ஆள்கின்றன. அவை இபிஏவோ டிஹெச்ஏவோ செய்வதே இல்லை. நீரைக் குளிர்வித்தாலும் செய்யா.

அதைவிட என்னை உறுத்துவது அந்தப் 'பாதிக்கு மேல்'. வடிதாளில் உயிர்ப்பொருள் குறைவாக இருந்தால், கைபட்ட அழுக்கிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் வரும் பாமிட்டிக், ஸ்டீரிக் அமிலங்களே மேலோங்கும். நீர் வடிக்காத வெறும் வடிதாளையும் இதே வழியில் ஓட்டிப் பார்த்தீர்களா? கண்ணாடியிழை வடிதாள்களை 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டுப் பயன்படுத்துங்கள். வெப்பமண்டல நீரை ஒரு லிட்டரோடு நிறுத்தாமல் பல லிட்டர் வடியுங்கள். முதலில் 200 மைக்ரான் வலையில் சலித்துவிடுங்கள். கோபிபாட் என்ற சிறு மிதவை விலங்கு ஒன்றே ஒன்று தாளில் சிக்கினாலும் முடிவு திரிந்துவிடும்.

மாதிரிகளை மைனஸ் 20-இல் வைத்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. அந்தக் குளிரிலும் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதி மெல்ல வேலை செய்கிறது. தனிக் கொழுப்பு அமிலங்கள் கூடியிருந்தால் அதுவே தடயம். வடித்தவுடன் திரவ நைட்ரஜன், பிறகு மைனஸ் 80. கொழுப்பைப் பிரித்தெடுக்கும் குளோரோபார்ம்–மெத்தனால் 2:1 கலவையில் 0.01 சதவீதம் பிஹெச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேருங்கள், இல்லையென்றால் ஆக்சிஜன் பட்டு ஒமேகா-3தான் முதலில் போகும். பிளாஸ்டிக் வேண்டாம், அதிலிருந்து கசியும் தாலேட் வேதிப்பொருள்களின் உச்சங்கள் குரோமட்டோகிராம் என்ற அளவீட்டு வரைபடத்தைக் கெடுக்கும். டெஃப்லான் உறையிட்ட மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள்தான் சரி.

சதவீதத்தை மட்டும் தராதீர்கள். ஒமேகா-3 சிதைந்தால் பாமிட்டிக் அளவு கூடாமலே அதன் சதவீதம் ஏறும். பிரித்தெடுப்புக்கு முன்பே 19:0 என்ற கொழுப்பு அமிலத்தை ஒப்பீட்டு அளவுகோலாக, அறிந்த அளவில் சேர்த்து, லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றும், துகள் கரிமத்தில் எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள்.

அதன்பின் நிறமித் தரவைப் பாருங்கள். டைவினைல் குளோரோபில் என்ற நிறமி இருந்தால் புரோகுளோரோகாக்கஸ். ஃபுகோசாந்தின் நிறமியும் 16:1 ஒமேகா-7 கொழுப்பு அமிலமும் சேர்ந்து மிகுந்தால் டயாட்டம். டயாட்டம் மிகுந்த மாதிரிகளை மட்டும் தனியே எடுத்து வெப்பநிலையோடு பொருத்துங்கள். அங்கும் வெப்பம் ஏற ஏற ஒமேகா-3 சரிவது தெரிந்தால் குளிரைப் பற்றித் தயங்காமல் எழுதலாம்.