பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை: எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார், தங்கை இந்த ஆண்டு பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள், உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். இது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் திட்டம். ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று தொடங்கி, பட்டப்படிப்புக்கு 6,000, பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு 25,000 வரை போகிறது. அம்மா குறைந்தது ஆறு மாதம் இந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். குடும்ப மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான். முதலில் தங்கையின் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு, அப்புறம் விண்ணப்பம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் தயாராக இருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். அம்மாவின் பெயர் பீடி அட்டையில் ‘மு. செல்வி’, அவருடைய ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்று இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். பணம் தங்கையின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதையும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. கல்லூரி இணையத்தில் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் தொழிலாளர் நல ஆணையர் அலுவலகம் அதைப் பார்க்கும். கல்லூரி அலுவலகத்தில் கொஞ்சம் நச்சரித்தாலும் தப்பில்லை. கடைசித் தேதி ஆண்டுதோறும் மாறும். தளத்தின் முகப்பிலேயே இருக்கும்.