சிஎஸ்எஃப் லீக் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றதை மட்டும் படித்தால் போதுமா?

போதாது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர் (அதுதான் சிஎஸ்எஃப்) கசிவது பற்றி நெட்டில் ஏகப்பட்ட கட்டுரைகள் கிடக்கின்றன, எல்லாவற்றையும் படிக்க முடியாது, அதிகம் பேர் மேற்கோள் காட்டியதை மட்டும் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொழுது போகாமல் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாரோ எழுந்து உட்கார முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 'டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா' என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கட்டுரை எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தது என்று பின்னாலேயே தேடிப் போவது என் தொழில், அந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2018-ல் என் தங்கைக்கு வந்தது. பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தூங்கி எழும்போது ஒன்றும் இருக்காது. பல் தேய்த்துவிட்டு அடுப்படியில் கால் மணி நேரம் நின்றால் பின்மண்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி வலி ஆரம்பிக்கும், காது அடைத்துக்கொள்ளும். படுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடும். பரீட்சைப் பேப்பர் கட்டு வந்தபோது ஹாலில் பாய் போட்டுக் குப்புறப் படுத்து, எக்ஸாம் பேடைத் தரையில் வைத்துத் திருத்தினாள். மல்லாந்து படுத்தால் பேனா எழுதாது, குப்புறப் படுத்தால் கழுத்து வலிக்கும், இரண்டுக்கும் நடுவில் புரண்டு புரண்டு எட்டாம் வகுப்பு முழுவதையும் முடித்தாள். படுத்தால் சரியாகிற வலி என்ன வலி என்று சொந்தக்காரர்கள் சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் லீக்காக இருக்கலாம் என்று சரியாகத்தான் சந்தேகப்பட்டார். முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தம் பார்த்தார்கள். 110 மில்லிமீட்டர் வந்தது. 60-க்குக் கீழே இருந்தால்தான் லீக், இது நார்மல், ஆகவே மைக்ரேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கை ஆட்டோவின் பின்சீட்டில் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டே வந்தாள். "அக்கா, அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தேன்.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஒரு பெரிய மஞ்சள் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கட்டம் போட்டு, அது யாரைக் காட்டுகிறதோ அந்தப் பக்கம் அம்பு. நோயாளிகளை அவர்களே அளந்து எழுதியிருந்தால் நீல ஸ்கெட்ச், இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் சிவப்பு. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் பேப்பர் பெரும்பாலும் சிவப்பு. ஒரு கட்டுரை ஒரு ரிவ்யூவைக் காட்டும் (மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைதான் ரிவ்யூ), அந்த ரிவ்யூ இன்னொரு ரிவ்யூவைக் காட்டும், கடைசியில் பல அம்புகளும் பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், அதாவது எந்தத் தலைவலியை எப்படி அடையாளம் காண்பது என்ற பட்டியலில், போய் நின்றன. அதை எடுத்து நிதானமாகப் படித்தேன். அழுத்தம் 60-க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது ஸ்கேனில் கசிவுக்குச் சான்று இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று போதும் என்று இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருந்த நோட்ஸில் 60 மட்டும் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. 'அல்லது' என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

இதற்கு அப்புறம் செய்ததுதான் முக்கியம். பின்னால் போனது போதும் என்று முன்னால் வந்தேன், அதாவது பழைய கட்டுரைகளைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தேன். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அந்த இணைப்பு இருக்கும், இலவசம்தான். அப்படிக் கிடைத்தது கிரான்ஸ் என்பவரும் அவர் சகாக்களும் 2016-ல் எழுதிய கட்டுரை. லீக் இருந்த 106 பேருக்கு அழுத்தம் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். 6 சென்டிமீட்டரோ அதற்குக் கீழேயோ இருந்தவர்கள் 34 சதவீதம்தான். 61 சதவீதம் பேருக்கு 6-க்கும் 20-க்கும் நடுவில், அதாவது நார்மல். என் தங்கையின் 110 மில்லிமீட்டர் என்பது 11 சென்டிமீட்டர். சிலர் மில்லிமீட்டரிலும் சிலர் சென்டிமீட்டரிலும் எழுதுவார்கள், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வெளிவந்த பத்திரிகை 'செஃபலால்ஜியா'. அந்த வகைப்பாட்டை வெளியிட்டதும் அதே பத்திரிகைதான்.

பிரிண்ட் எடுத்து, அந்தப் பத்தியில் பென்சிலால் கோடு போட்டு இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோனேன். சண்டை போடுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, "இதோட காப்பி எனக்கு ஒண்ணு வேணும் மேடம்" என்றார். கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் உறை பளிச்சென்று தெரிந்தது, முதுகுத் தண்டில் உறைக்கு வெளியே நீர் தேங்கியிருந்தது. அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் உறைக்கு வெளியே செலுத்தினார்கள், பிளட் பேட்ச் என்பார்கள். முதல் தடவை முழுதாகக் கேட்கவில்லை, இரண்டாவதில் கேட்டது. முதல் டாக்டரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அதே சமயம் என் தங்கை நான்கு மாதம் பாயில் கிடந்ததும் உண்மை, அதை இல்லை என்று எழுத முடியாது.

இனி உங்கள் கேள்வி. மேற்கோள் எண்ணிக்கை என்பது பெரும்பாலும் கட்டுரையின் வயதுக்குச் சேருவது. இந்தத் துறையில் அதிகம் காட்டப்படுபவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் டாக்டர் ஷீவிங்க் 2006-ல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் எழுதிய ரிவ்யூ. நல்ல ரிவ்யூ, ஆண்டுக்கு லட்சத்தில் 5 பேருக்கு வரும் என்ற கணக்கைப் பலரும் அதைக் காட்டித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நீர் நேராக ஒரு ரத்தக் குழாய்க்குள் வடிகிற ஒரு வகை லீக் இருக்கிறது, அதை அதே ஷீவிங்க் குழுதான் 2014-ல் முதன்முதலாக எழுதியது. அந்த வகையில் முதுகு எம்ஆர்ஐயில் நீர் தேங்கித் தெரியாது. 2006 கட்டுரையோடு நிறுத்திக்கொண்டால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்று, இந்த நோய்க்குப் பல பெயர். ஜெர்மனியில் ஷால்டென்பிராண்ட் 1938-ல் அலிகோரியா என்று எழுதினார். அப்புறம் அழுத்தக் குறைவு என்றார்கள். மேயோ கிளினிக்கின் மோக்ரி, மூலக் காரணம் நீரின் அளவு குறைவதுதான், அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்று 1999-லேயே எழுதிவிட்டார். மயக்க மருந்து டாக்டர்கள் முதுகு ஊசிக்குப் பிறகு வரும் தலைவலி என்று தனியாக எழுதுகிறார்கள், பிளட் பேட்ச்சும் 1960-ல் கோர்ம்லி அந்தத் தலைவலிக்காகச் செய்ததுதான். மூக்கு வழியாக ஒழுகுவதைப் பற்றி இஎன்டி டாக்டர்கள் எழுதுவது வேறு ஒரு தனிக் கட்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் அவ்வளவாகக் காட்டுவதில்லை. ஒரே பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு தெருவை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

'அல்லது' விழுந்த கதை இங்கே மட்டும் நடக்கவில்லை. அபின் வகை வலி மருந்துக்கு அடிமையாவது அபூர்வம் என்று 1980-ல் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவர்களைப் பற்றியது. 2017-ல் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் மேற்கோள், அதில் சுமார் 80 சதவீதம் பேர் 'ஆஸ்பத்திரியில்' என்பதை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். அதனால் எத்தனை குடும்பம் போனது என்று உங்களுக்கே தெரியும்.

சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. இந்திய நரம்பியல் சங்கம் 1951-ல் இதே மெட்ராஸில்தான் தொடங்கியது, 1953-லிருந்து பத்திரிகை நடத்துகிறது. நான் இருந்த நூலகத்தில் அந்தப் பழைய தொகுதிகள் காலிகோ அட்டை போட்டு வரிசையாக இருந்தன. எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது என்று சொல்லி, நான் லீவில் இருந்தபோது மற்ற பத்திரிகைகளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்த அன்று கடைசி லோடு மீன்பாடி வண்டியில் கயிறு கட்டி நின்றுகொண்டிருந்தது. முதுகில் தங்க எழுத்தில் ஆண்டு போட்டிருந்த தொகுதிகள், மழைத் தூறலில். நம் ஊர் டாக்டர்கள் நம் ஊர் நோயாளிகளைப் பார்த்து எழுதியதை நம் பிள்ளைகள் ஏன் மேற்கோள் காட்டுவதில்லை என்று பின்னால் மீட்டிங்கில் பேசினார்கள். நான் எழுந்து கேட்டேன், எதை எடுத்துக் காட்டச் சொல்கிறீர்கள் என்று. பதில் வரவில்லை.

சரி. அழுத்தம் பார்த்திருந்தால் எவ்வளவு, மில்லிமீட்டரா சென்டிமீட்டரா, எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்தார்களா என்று கமெண்ட்டில் எழுதுங்கள். மருந்து, வைத்தியம் எதுவும் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட எந்தக் கட்டுரை, அதில் எந்தப் பக்கம் என்று தேடித் தருகிறேன்.