கெபுஜியானும் ஹானர்ஸும்: பேச்சு, மொழி, செவித்திறன் படிப்பு பற்றி உங்கள் கேள்விகள்

பேச்சு, மொழி, செவித்திறன் படிப்பைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நான் கோலாலம்பூரில் ஸ்பீச் தெரபிஸ்ட். படித்ததும் இதே ஊரில்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

செந்தூல், ஆறாம் படிவ மாணவி: அக்கா, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கையேட்டில் இந்தத் துறைக்கு ‘ஹானர்ஸ் புரோகிராம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். இங்கே யூ.கே.எம்.மில், அதாவது மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், பட்டத்தின் பெயரிலேயே ‘டெங்ஙான் கெபுஜியான்’ (மலாயில் ‘ஹானர்ஸோடு’) என்று வருகிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, தங்கச்சி. இந்தக் குழப்பத்தோடு மட்டும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இளங்கலைப் பட்டம் என்றாலே பெரும்பாலும் பின்னால் ‘கெபுஜியான்’ ஒட்டிக்கொண்டு வரும். யூ.கே.எம்.மின் கோலாலம்பூர் வளாகத்தில், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில், பேச்சு அறிவியல் நான்கு வருடப் படிப்பு. செவித்திறனியல், அதாவது ஆடியோலஜி, அதே வளாகத்தில் தனிப் பட்டம். ஆய்வு எழுதுவது படிப்பிலேயே அடக்கம். கெபுஜியான் வேண்டும் என்று யாரும் தனியாக மனுப் போடுவதில்லை.

அமெரிக்காவில் ஹானர்ஸ் என்பது வகுப்பில் சிலர் மட்டும் ஏறுகிற மாடி. சராசரிப் புள்ளி 4க்கு 3.5ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பார்கள். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஒரு விரிவுரையாளரைப் பிடித்து, அவருடைய ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று செமஸ்டர் உட்கார்ந்து, சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுதி, அதைச் சிலர் முன்னால் நின்று வாதாடி நிலைநாட்ட வேண்டும். ஏறாதவர்களுக்கும் பட்டம் உண்டு.

அவ்வளவு சிரமம் எதற்கு என்றால், அங்கே இளங்கலை முடித்தவர் தெரபிஸ்ட் ஆகிவிடுவதில்லை. முதுகலை வேண்டும், அதற்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மனுவில் ஹானர்ஸ் ஆய்வேடு இருந்தால் கொஞ்சம் எடை கூடும். அதற்குப் பிறகும் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி (அதில் 25 மணி வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது), அப்புறம் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் மேற்பார்வையில் வேலை. ஆடியோலஜிக்கு இன்னும் நீளம்: 2012 முதல் அங்கே தொழில் சான்றிதழ் வாங்க முனைவர் நிலைப் பட்டமே தேவை.

கிள்ளான், ஒரு தந்தை: மகள் அங்கே நான்கு வருடம் படித்து, ஹானர்ஸும் வாங்கி வந்தால், இங்கே வேலை பார்க்கலாம்தானே?

இளங்கலையோடு திரும்பினால் சிக்கல்தான், ஐயா. ஹானர்ஸ் இருந்தாலும் அது ஆய்வுக்கான பெருமை. நோயாளியைத் தொடும் பயிற்சி அந்த நான்கு வருடத்தில் மிகக் குறைவு. இங்கே துணை சுகாதாரத் தொழில் சட்டம் 2016, அதாவது 774ஆவது சட்டம், ஸ்பீச் தெரபிஸ்டையும் ஆடியோலஜிஸ்டையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மன்றத்தில் பதிந்தால்தான் தொழில் செய்யலாம். எந்த நாடாக இருந்தாலும், இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா என்று மன்றத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். ஏஜெண்டு வாயால் சொல்வது செல்லாது. ஆஸ்திரேலியாவில் ஸ்பீச் தெரபிக்கு நான்கு வருட ஹானர்ஸ் பட்டமே தொழிலுக்கானது. அமெரிக்காவோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டர்வொர்த், மாணவர்: பினாங்கிலேயே படிக்க முடியுமா? இல்லை, இந்தியா போகலாமா?

யூ.எஸ்.எம்., அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், பினாங்கில்தானே இருக்கிறது என்று நினைத்துக் கேட்கிறீர்கள். ஆடியோலஜி அதன் சுகாதார வளாகத்தில், கிளந்தானின் குபாங் கெரியானில் இருக்கிறது. பாலம் ஏறினால் போதாது தம்பி, பஸ் ஏற வேண்டும். குவாந்தானில் ஐ.ஐ.யூ.எம்.மில் (அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம்) பேச்சு, ஆடியோலஜி இரண்டும் உண்டு. இந்தியாவில் இரண்டும் ஒரே பட்டமாக வரும்: மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட வேலையிடப் பயிற்சி. மைசூரில் 1965இல் தொடங்கிய நிறுவனம் அந்த நாட்டில் இந்தத் துறைக்குத் தாய்வீடு மாதிரி. மன்றத்திடம் கேட்பது அதற்கும் பொருந்தும்.

பூச்சோங், மாணவி: மனப்பாடம் நிறைய இருக்குமா?

இருக்கும். 12 மூளை நரம்புகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். 1861இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளியை யாரும் மறக்க மாட்டார்கள். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒரே அசைதான் அவர் வாயில் வரும். அதனால் அதுவே அவர் பெயராகிவிட்டது. இங்கே அந்தப் பாடத்தை நடத்துவது கஷ்டம். வகுப்பில் எப்படியும் டான் என்ற பெயரில் இரண்டு சீன மாணவர்கள் இருப்பார்கள்.

ரவாங், மாணவி: பேச்சுப் பயிற்சி என்றால் பிள்ளைகளோடு விளையாடுவதுதானே? எனக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது.

அப்படியானால் நன்றாக யோசியுங்கள். எங்கள் வேலையில் பெரிய பங்கு விழுங்குதல். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் போய் முடியலாம். அவர் என்ன சாப்பிடலாம், எவ்வளவு கெட்டியாகக் குடிக்கலாம் என்று சொல்வது நாங்கள். தொண்டையில் துளை போட்டவர், சளி உறிஞ்சும் குழாய் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் இதிலும் ருசியான ஆய்வு இருக்கிறது. உணவின் கெட்டியை 0 முதல் 7 வரை பிரிக்கும் உலக அளவுகோல் ஒன்று உண்டு. பானமாக இருந்தால் 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, 10 வினாடி ஒழுகவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். 1 முதல் 4 மில்லி நின்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. எட்டுக்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3. சரி, ஆடி மாதக் கூழ் எந்த நிலை? சூடாக இருக்கும்போது ஒன்று, ஆறினால் ஒன்று. வடித்த கஞ்சி? ரசத்தில் மசித்த சோறு? வார்டில் பாட்டிக்கு வெள்ளைக்காரன் தயிரையா கொடுக்கப் போகிறோம்? ஒரு சிரிஞ்சும் அடுப்பும் போதும், நல்ல கடைசி வருட ஆய்வு ஆகிவிடும்.

சுங்கை பூலோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியை: முதலாம் ஆண்டு மாணவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறான், ‘நாற்காலி’யை ‘நாக்காலி’ என்கிறான். தெரபிக்கு அனுப்பலாமா டீச்சர்?

நீங்கள்தான் டீச்சர்! அனுப்ப வேண்டாம். அவன் வீட்டில் அம்மாவும் ‘பளம்’தான் சொல்வார், பாதி ஊர் அப்படித்தான். அது வட்டார வழக்கு, குறைபாடு இல்லை. வகுப்பில் ழகரம் சொல்லிக்கொடுங்கள், அது உங்கள் பாடம். அவன் பேசுவது வீட்டாருக்கே புரியவில்லை, அல்லது ‘கதவு’ ‘ததவு’ என்றும் ‘காசு’ ‘தாசு’ என்றும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் அப்போது அனுப்புங்கள்.

செராஸ், மூன்றாம் வருட மாணவர்: அக்கா, ஆய்வுத் தலைப்பு கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். தமிழில் செய்யலாம் என்று ஆசை. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலச் சோதனை ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமா?

போதாது தம்பி. ஏன் என்று மேலே டீச்சர் கேட்ட கேள்வியிலேயே பாதி இருக்கிறது.

படத்தைக் காட்டி ‘மரம்’ என்று எதிர்பார்க்கிறாய். பிள்ளை ‘மரோ’ என்று மூக்கால் இழுத்து முடிக்கிறான். ஆங்கிலச் சோதனையின் விதிப்படி அது ‘கடைசி மெய் விடுபட்டது’. ஒரு புள்ளி போச்சு. ஆனால் பேச்சுத் தமிழில் கடைசி மகரம் உயிரோடு கரைந்து மூக்கொலியாவதுதான் இயல்பு. நீயும் நானும் அப்படித்தான் பேசுகிறோம். ‘பால்’ என்பதற்கு ‘பாலு’ என்றால் ‘கூடுதல் உயிர்’ என்று குறிப்பாய். ‘நாக்காலி’க்கு ‘மெய்ம்மயக்கம் சிதைந்தது’ என்பாய். எழுத்துத் தமிழைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை அளந்தால், நல்லபடி இருக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் நோயாளி ஆகிவிடுவான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கிலச் சோதனையில் ‘ப’வும் அதன் அதிர்வொலியும் (p, b) இரண்டு தனி ஒலிகள். தமிழ்ச் சொற்களில் சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின்னால் மற்றது, இடம்தான் தீர்மானிக்கிறது. மொழிபெயர்த்த பட்டியல் அதைச் சோதிக்கவே சோதிக்காது. ஆனால் ல, ள, ழ, ர, ற, ண, ந என்று நம் நாக்கு படும் பாட்டை ஆங்கிலப் பட்டியல் கண்டுகொள்ளாது.

ஆகவே சின்னதாக எடு. மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயது என்று கோலாலம்பூர்ப் பிள்ளைகள் சிலரை எடுத்து, இந்த ஒலிகள் எந்த வயதில் எப்படி வருகின்றன என்று மட்டும் பதிவு செய். அம்மா, அப்பா எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கூடவே பதிவு செய். அதை விட்டுவிட்டால் எது வழக்கு, எது பிழை என்று சொல்ல முடியாது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஒலிக் குறியீடு தெரியும், போதும். இன்னொரு தமிழ் பேசுபவர் அதே பதிவைத் தனியாகக் கேட்டுக் குறித்து, இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டினால் ஆய்வைப் பார்க்கும் குழு வாயடைத்துப் போகும்.

ஆடியோலஜிப் பக்கமும் இதே கதைதான். பயிற்சி நாளில், பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனையில் தோட்டத்துப் பாட்டி ஒருவருக்கு மலாய்ச் சொற்பட்டியலைப் போட்டு ‘கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்’ என்றார்கள். பாட்டி தடுமாறினார். சொல்லை அறியும் திறன் மோசம், காது மெஷின் வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்று எழுதத் தயாராகிவிட்டார்கள். மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, அதே ஒலி அளவில் ‘வீடு, மாடு, தம்பி, கத்தி’ என்று ஆரம்பித்தேன். ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். அது முறையான சோதனை இல்லை, எழுத முடியாது. இருந்தாலும் குறிப்பை நிறுத்தி வைத்தார்கள். ஈரசைச் சொற்களாக, எல்லாமே ஒரே அளவு கடினமாக, வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்த பட்டியலைச் சோதித்துப் பார்ப்பது இன்னொரு தலைப்பு. ஓரசை தேடாதே, நாம் ‘கல்’லைக்கூடக் ‘கல்லு’ ஆக்கிவிடுகிறவர்கள்.

அதே மாணவர்: தமிழ்ப்பள்ளியில் 20 பிள்ளைகளிடம் படம் காட்டிப் பேசவைப்பதற்கு எத்தனை அனுமதி! கல்வி அமைச்சு, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, பெற்றோர் கையெழுத்து. சின்ன ஆய்வுக்கு இவ்வளவு தேவையா?

தேவை. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு முதுகலை மாணவி, தன் மேற்பார்வையாளர் வென்டல் ஜான்சன் சொன்னபடி, அனாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் ‘உனக்குத் திக்குகிறது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். அதுவும் ஒரு மாணவியின் ஆய்வேடுதான் தம்பி. பாரத்தை இப்போதே நிரப்பு. பள்ளி விடுமுறைக்கு முன்னால் கையில் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம்.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வந்த மாணவர்: எனக்குத் திக்குவாய் உண்டு. நேர்முகத்தில் கழித்துவிடுவார்களா?

மேலே சொன்ன வென்டல் ஜான்சனுக்கே திக்குவாய். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பருக்கும் திக்குவாய். நேர்முகத்தில் மறைக்கப் பார்க்காதீர்கள், மறைக்க மறைக்கத்தான் கூடும். ‘எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கெப்போங், ஒரு அம்மா: மகளுக்கு இரண்டரை வயது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கேட்பதால்தான் பேச்சு தாமதம் என்கிறார்கள். தமிழை நிறுத்திவிடவா?

வேண்டாம். பல மொழி கேட்பது தாமதத்துக்குக் காரணம் இல்லை. சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். மலாயில் ‘சூசு’ (பால்) என்றாலும் கணக்கு, ‘பாலு’ என்றாலும் கணக்கு. சேர்த்து எண்ணியும் ஐம்பதைத் தொடவில்லை, இரண்டு சொல்லைக் கோத்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் செவிச் சோதனை, பிறகு எங்களிடம்.

பத்து கேவ்ஸ், உறுமி மேளக் குழு இளைஞர்: வாசித்து முடித்த இரவு காதில் ‘ங்ங்’ என்று கேட்கிறது. காலையில் போய்விடுகிறது. இதற்கும் உங்கள் படிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு, தம்பி. காலையில் போய்விடுவதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது தொழிற்சாலைக்கு 2019ஆம் ஆண்டு விதிமுறை வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, இப்படியே போனால் 100க்கு 15 நிமிடம். உறுமிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு 15 நிமிடத்தில் யார் நிறுத்துவது?

நல்ல காதின் உள்ளே இருக்கும் மயிர்செல்கள் தாமே மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். 1978இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் செவிச் சோதனையில் ஒரு வகையும் அதை வைத்துத்தான். வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, முடித்ததும் ஒரு தடவை அதை அளந்து பார்த்தால் தெரியும். செராஸ் தம்பியின் வகுப்புத் தோழி ஒருத்தி ஆடியோலஜியில் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறாள். அனுமதி வாங்கவே மாதக்கணக்கு ஆகும். ஆகவே தைப்பூசம் நெருங்கும்போது சொல்லாமல், இப்போதே உங்கள் குழுவில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். பஞ்சு உதவாது.