புது டிசைருக்குக் காத்திருக்கலாமா?

தென்னாப்பிரிக்க வாசகர்களின் வண்டிக் கேள்விகள், பிப்ரவரி 2025

கேள்வி: வணக்கம் அண்ணா. டோங்காட்டில் இருக்கிறேன். டர்பனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். என்னுடையது 2013 போலோ விவோ, 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கிளட்ச் நழுவுகிறது, மாற்ற 9,000 ரேண்ட் கேட்கிறார்கள். அந்தப் பணத்தைப் புது வண்டியில் போடலாமே என்கிறார் வீட்டுக்காரர். ஷோரூமில் சுசூகி டிசைர் பார்த்தோம். 20,000 ரேண்ட் தள்ளுபடி தருகிறார்கள். 'பலூன்' போட்டால், அதாவது கடனில் ஒரு பகுதியைக் கடைசியில் ஒரே தொகையாகக் கட்டுவதாக வைத்தால், மாதத் தவணையும் குறையுமாம். ஆனால் யூடியூபில் சென்னைக்காரர்கள் வேறு வடிவத்தில் ஒரு புது டிசைரை ஓட்டிக் காட்டுகிறார்கள். மாமியாரோ பங்குனிக்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்கிறார். இப்போதே வாங்கவா, காத்திருக்கவா?

பதில்: காத்திருங்கள் தங்கச்சி. கிளட்சை மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.

இப்படிக் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வேன். முன்விளக்கின் வடிவம் மாறுகிறது, திரை பெரிதாகிறது, இருக்கைத் துணி மாறுகிறது என்பதற்காகவெல்லாம் ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. தேவை வந்த நாளில், தள்ளுபடியோடு, இருக்கிற மாடலை வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் மாறியிருப்பது அலங்காரம் இல்லை. இடித்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதே மாறியிருக்கிறது.

நீங்கள் ஷோரூமில் பார்த்தது முந்தைய வடிவம். யூடியூபில் பார்த்த புது டிசைர் 2024 நவம்பரில் இந்தியாவில் வெளியானது. வண்டிகளை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடுகிற குளோபல் என்கேப் அமைப்பு அதை மோதிப் பார்த்து, பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் கொடுத்தது. அதற்கு முந்தைய டிசைர் அவர்களிடம் வாங்கியது இரண்டே நட்சத்திரம். இந்தியாவில் புது டிசைரின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் உண்டு. ராத்திரி வேலைக்கு என்2 நெடுஞ்சாலையிலும், கரும்பு லாரிகளுக்கு நடுவே ஆர்102 சாலையிலும் போய்வருகிற ஒரு பெண்ணுக்கு 20,000 ரேண்ட் தள்ளுபடியைவிட இது பெரிது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மோதிப் பார்த்தது இந்தியச் சந்தைக்கான வண்டியை. இங்கே வந்து இறங்கும்போது விலை குறைந்த வகையிலும் ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரே பெயரில் விற்கிற வண்டி எல்லா நாட்டிலும் ஒரே வண்டியாக இருப்பதில்லை. 2020-இல் இதே குளோபல் என்கேப், நம் ஊரில் தயாரான புத்தம்புது நிசான் என்பி300 ஹார்ட்பாடி ஒன்றையும், ஐரோப்பாவில் விற்ற பழைய 2015 நவாரா ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய ஐரோப்பிய வண்டியின் ஓட்டுநர் இறங்கி நடந்து போயிருக்கலாம், நம் புது வண்டியில் இருந்தவர் உயிர் பிழைத்திருப்பது கடினம் என்று முடிவு வந்தது. அதைப் படித்ததிலிருந்து, வண்டி வாங்கப் போகிற யாரைப் பார்த்தாலும் முதலில் ஏர்பேக்கைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். அந்த 20,000 ரேண்டை ஷோரூம்காரர் சும்மா தரவில்லை. புது வடிவம் வந்ததும் பழைய வடிவத்தின் மறுவிற்பனை விலை இறங்கும். அந்த இறக்கத்தில் ஒரு பகுதியைத்தான் முன்கூட்டியே உங்கள் கையில் கொடுக்கிறார். பத்து வருஷம் ஓட்டித் தீர்ப்பவருக்கு இது லாபம்தான். நான்கு வருஷத்தில் மாற்றுகிறவருக்குத் தள்ளுபடி வந்த வழியே போய்விடும்.

பலூனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய. 2,00,000 ரேண்ட் கடன், ஆறு வருஷம், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூன் இல்லாமல் மாதம் ஏறக்குறைய 3,800 ரேண்ட் வரும். 30 சதவீதம் பலூன் வைத்தால் 3,200. மாதம் 600 மிச்சம் என்று மனசு குளிரும். ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகு 60,000 ரேண்ட் ஒரே தொகையாக நிற்கும். அந்த 60,000-க்கும் ஆறு வருஷமும் வட்டி கட்டியிருப்பீர்கள், அதனால் மொத்தத்தில் 17,000 ரேண்டுக்கு மேல் கூடுதலாகப் போகும். அப்போது கையில் பணம் இருக்காது. அந்த 60,000-க்கு மறுபடி ஒரு கடன், அல்லது வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு வண்டி, அதிலும் ஒரு பலூன். பலூன் வைத்தால்தான் தவணை கட்ட முடியும் என்றால் அந்த வண்டி உங்கள் வருமானத்துக்குப் பெரியது. வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

வட்டியும் காத்திருப்பவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கிற பிரைம் வட்டி 2023 மே மாதம் 11.75 சதவீதத்துக்கு ஏறியது, 2024 செப்டம்பரிலிருந்து மூன்று முறை கால் கால் சதவீதமாக இறங்கி 2025 ஜனவரியில் 11-க்கு வந்தது. இன்னும் இறங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கே ஓடிப்போய்க் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இல்லை.

அப்புறம் கிளட்ச். நான் ஒர்க்ஷாப் ஃபோர்மேனாக இருந்த காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தட்டை மட்டும் மாற்ற விடாதீர்கள். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த கிட்டாகப் போடச் சொல்லுங்கள். இதற்குச் செலவில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான். ஆறு மாதத்தில் பேரிங் கத்த ஆரம்பித்தால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டிவரும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ஃப்ளைவீலையும் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். 9,000 என்று சொன்ன விலையில் இதெல்லாம் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். டயரையும் பாருங்கள். சட்டம் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது, டர்பன் மழையில் அது போதாது. மூன்றுக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் செய்தால் விவோ இன்னும் ஒரு வருஷம் தைரியமாக ஓடும். உங்கள் காத்திருப்புக்கும் அதுதான் எல்லை. அதற்குள் புது டிசைர் வந்தால், பைன்டவுன் பக்கம் உள்ள டீலரிடம் போய், நான்கு பேர் உட்கார்ந்து ஏசியைப் போட்டு ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பழையது நான்கு சிலிண்டர், புதியது மூன்று. நின்றிருக்கும்போது லேசான அதிர்வு தெரியலாம், அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை ஓட்டினால்தான் சொல்ல முடியும். எஞ்சின் நம்பகமானதா என்ற பயம் வேண்டாம், 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் ஸ்விஃப்டில் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின்தான்.

வருஷக் கடைசி நெருங்கிவிட்டால் டிசம்பரில் பதிவு செய்யாதீர்கள். ஜனவரி பிறந்ததும் அது போன வருஷத்து வண்டி ஆகிவிடும்.

மாமியாரிடம், பங்குனி போனால் ஆவணி இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் ஊர் பிரேக் வில்லேஜ் முருகன் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டு எடுக்கலாம். மருமகள் விடியற்காலையில் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் அவரும் நினைப்பார்.

கேள்வி: டீலர் ஓட்டிய டெமோ வண்டி, 4,000 கிலோமீட்டர், விலையும் குறைவு. எடுக்கலாமா அண்ணா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: எடுக்கலாம் தம்பி, விலை உண்மையிலேயே குறைந்திருந்தால். வாரன்ட்டி நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்காது, முதன்முதலில் பதிவான தேதியிலிருந்து ஓட ஆரம்பித்திருக்கும். அந்தத் தேதியைப் பதிவுப் பத்திரத்தில் பாருங்கள். எத்தனை மாத வாரன்ட்டி கரைந்திருக்கிறதோ அதற்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு ஃபிலிம், கார்பெட் என்று இலவசங்களைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ரேண்டில் குறைக்கட்டும். 'ஆன் தி ரோடு' கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் ஒரு தொகை பில்லில் இருக்கும், அதில் என்னென்ன அடங்கும் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.