டிஸ்சார்ஜ் ஆனவர்கள் ஏன் மறுபடியும் வருகிறார்கள்?

கேள்வி: இதய நோய், சர்க்கரை நோயோடு வருகிறவர்களில் பலர், வீட்டுக்குப் போன ஒரு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆகிறார்கள். புதுமையாக ஏதாவது செய்யுங்கள் என்கிறது நிர்வாகம். நோயாளிகளைக் கண்காணிக்க ஒரு ஆப் வாங்கும் பேச்சும் நடக்கிறது. வார்டு பொறுப்பில் இருக்கும் நர்ஸ் நான், எங்கே தொடங்குவது?

பதில்: ஆப் பேச்சை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஆப் கெட்டது என்று இல்லை, நோயாளி எதனால் திரும்பி வருகிறார் என்று தெரியாமல் வாங்கினால் உங்கள் ஆட்கள் நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு பாஸ்வேர்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில், கடைசியாகத் திரும்பி வந்த பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், அவர்களிடமும் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். போனதும் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள், எப்போது உடம்பு சரியில்லை என்று தோன்றியது, யாரைக் கூப்பிட்டார்கள்? பழைய மாத்திரையும் புது மாத்திரையும் ஒரே மருந்துதான், கம்பெனி பெயர்தான் வேறு என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கியவர் ஒருவர் இருப்பார். நீர் மாத்திரை போட்டால் ராத்திரியெல்லாம் எழுந்து போகவேண்டியிருக்கிறது என்று தானே நிறுத்திக்கொண்டவர் இருப்பார். கால் வீங்கியபோது யாருக்கு போன் செய்வது என்று தெரியாமல், மூச்சு முட்டும்வரை காத்திருந்தவர் கட்டாயம் இருப்பார். உங்கள் வார்டில் எது அதிகம் என்று பார்த்துவிட்டு அதில் கை வையுங்கள்.

அடுத்து, 'புரிந்ததா?' என்ற கேள்வியை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். வண்டி வாசலில் நிற்கிறது, பில் கட்டியாகிவிட்டது, அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன், நாளைக் காலையில் எந்த மாத்திரையை எப்போது போடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். டீச்-பேக் என்று இதற்குப் பெயர். அவர் தப்பாகச் சொன்னால் நாம் விளக்கியது போதவில்லை என்று அர்த்தம், வேறு மாதிரி சொல்லிவிட்டு மறுபடி கேட்கவேண்டும். இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாமல் அட்மிட் ஆன மறுநாளே ஆரம்பித்து, தினம் ஒரு விஷயம் என்று போவது நல்லது. இதய செயலிழப்பு உள்ளவர் என்றால் தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைக்கவேண்டும், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிடவேண்டும் என்பது அவர் வாயாலேயே வரவேண்டும். கூப்பிடவேண்டிய எண் எது, அந்த எண்ணை ராத்திரி யார் எடுப்பார்கள் என்பதையும் நீங்கள் முடிவு செய்து வைத்திருக்கவேண்டும். யாரும் எடுக்காத எண்ணை எழுதிக்கொடுப்பது வீண்.

அப்புறம் போன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனையில் 749 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான டிஸ்சார்ஜ், இன்னொரு பிரிவுக்குத் தனியாக ஒரு நர்ஸ் உட்கார்ந்து விளக்கி, எளிய கையேடு கொடுத்து, இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் ஒரு மருந்தாளுநர் போன் செய்தார். அந்த இரண்டாவது பிரிவில் அடுத்த 30 நாளில் அவசர சிகிச்சைக்கு வருவதும் மறுபடி அட்மிட் ஆவதும் சேர்த்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: போனில் மருந்துகளைச் சரிபார்த்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்றைத் திருத்தவேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் போன் செய்யும்போது "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதோடு வைத்துவிடாதீர்கள். மாத்திரை டப்பாக்களைக் கையில் எடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தனியாக இருப்பவர், பல நோய் உள்ளவர், போன் எடுக்காதவர் ஆகியோருக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போவது உதவும். ஒரு விஷயம், அவரை டிஸ்சார்ஜுக்கு முன்பே கட்டிலருகே வரவழைத்து அறிமுகம் செய்துவிடுங்கள். முகம் தெரிந்தவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவின் கேம்டன் நகரில், அடிக்கடி அட்மிட் ஆகிறவர்களைத் தேடிப் பிடித்து நர்ஸ், சமூகப் பணியாளர் குழு பின்தொடர்ந்து கவனித்தது, உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டம். 2020-இல் முறையான ஆய்வு வெளிவந்தபோது, ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம்! மிக மோசமான நிலையில் இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்களில் அட்மிஷன் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அதனால் 'முன்பு, பின்பு' என்ற கணக்கை நம்பாதீர்கள். முடிந்தால் பக்கத்து வார்டைப் பழைய முறையிலேயே விட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள், 30-ஆம் நாளில் இரண்டு வார்டு நோயாளிகளுக்கும் போன் செய்து வேறு மருத்துவமனையில் சேர்ந்தார்களா என்றும் கேளுங்கள்.

படிவம் அச்சடிக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கவேண்டும். அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் 2009-இல் எட்டு மருத்துவமனைகளில் இறப்பு விகிதத்தை 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக்கியது. அதே மாதிரியான பட்டியல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் வந்தபோது குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை என்றது 2014-இல் வந்த ஆய்வு. டிக் அடிப்பது சுலபம்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? ஒரே ஒரு நர்ஸ், ஒரே ஒரு நோயாளி, டீச்-பேக். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுமாறியது என்று சாயங்காலம் பேசுங்கள், மறுநாள் மாற்றிச் செய்து பாருங்கள், சரிப்பட்டால் ஐந்து பேர், அப்புறம் ஒரு ஷிஃப்ட். போன் செய்யும் வேலையை யாருடைய டூட்டி நேரத்தில் வைப்பது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே அது நின்றுபோகும். போன்கள் கைமீறிப் போகும் நாள் வந்தால் அப்போது ஆப் வாங்கலாம், அதில் என்னென்ன கேள்வி இருக்கவேண்டும் என்பதும் அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.